பந்தியில் பழகும் ஸ்தோத்திரம்

எந்நிலையிலும் தேவனை ஸ்தோத்திரிக்கும்படி பவுல் கற்பிக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5:18). துக்க வீட்டிலும் இது கூடுமோ?

ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரில் போதகராயிருந்தவர் மார்ட்டின் ரிங்கார்ட். முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-இல், அங்கே கொள்ளைநோய் பரவிற்று. அவர் 4,000-க்கும் மேற்பட்டோரை அடக்கம்பண்ணினார். தம் மனைவியையும் அவ்வாண்டிலேயே இழந்தார். திருச்சபைகள் இன்றும் பாடும் அவருடைய ஸ்தோத்திரப் பாடலோ, பிள்ளைகளோடு உணவு வேளையில் ஏறெடுத்த சிறு ஜெபமாகத் தொடங்கியது என்பர்.

துக்க நாளில் நன்றிசொல்ல ஒருவரும் புதிதாய்க் கற்றுக்கொள்வதில்லை. சாதாரண நாளின் பந்தியில் பழகிய நாவே அன்றும் பேசும். நாமோ சோறு ஆறிவிடுமென்று ஜெபத்தைச் சுருக்குகிறோம்! இன்றிரவு உண்ணுமுன், இன்று பெற்ற ஒரு நன்மையைக் குறிப்பிட்டு ஸ்தோத்திரியுங்கள். பிள்ளைகளும் ஆளுக்கொன்று சொல்லட்டும். பந்தியில் கண்ணீரோடு ஒருவர் அமர்ந்திருந்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்காகவும் நீங்களே சொல்லுங்கள்.