மின்கட்டணம்: 501-ஆவது யூனிட்டின் விலை என்ன?



சேலம் செவ்வாய்ப்பேட்டையில் துவரம் பருப்பு மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினால், அன்று மாலைக்குள் தர்மபுரியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் கடை திறப்பதற்குள் விலையையும் மாற்றிவிடுகிறோம். ஆனால் நம் வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட் என்ன விலைக்கு விழுகிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. எங்களுக்கும் 2023 ஜூன் மாதம் வரை தெரியாது. தெரியாமல் கொடுத்த காசையும், தெரிந்தபின் மிச்சம் பிடித்த வழியையும் இந்தப் பாடத்தில் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டு ரசீது

பாலக்கோட்டில் எங்கள் கடையை ஒட்டியே வீடு. 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு 480 யூனிட் ஓடியது. 1,605 ரூபாய் கட்டினோம். அடுத்து ஏப்ரல், மே மாதங்களுக்கு 510 யூனிட். கட்டணம் 2,030 ரூபாய். முப்பது யூனிட் கூடியதற்கு 425 ரூபாய் கூடுதலா? மீட்டர்தான் பழுது என்று முடிவு கட்டி, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, மின் அலுவலகம் போய்ச் சத்தம் போட்டோம். அங்கிருந்தவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். "மீட்டர்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க. நீங்க ஐந்நூறைத் தாண்டிட்டீங்க, அவ்வளவுதான்" என்றார். வெட்கத்தோடு திரும்பினோம். அந்தத் தாளில் இருந்ததுதான் இந்தப் பாடத்தின் முதல் பகுதி.

மின்சாரத்தின் விலைப் பட்டியல்

நம் தொழிலில் ஒரு கிலோ வாங்குபவருக்கு ஒரு விலை, ஒரு மூட்டை வாங்குபவருக்கு அதைவிடக் குறைந்த விலை. மின்சாரத்தில் இது தலைகீழ். அதிகம் வாங்க வாங்க விலை ஏறும்.

2016-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக வழங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டோடு நிறுத்திக்கொண்டவர் 225, 900, 600 ஆக மொத்தம் 1,725 ரூபாய் கட்டினார்.

500-ஐத் தாண்டியவருக்கோ வேறு பட்டியல். 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய்ச் சலுகை அவருக்கு இல்லை; அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ரூபாய். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8 ரூபாய். ஆகவே 501 யூனிட் ஓட்டியவர் 1,350, 600, 8 ஆக 1,958 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஒரே ஒரு யூனிட்டுக்காக 233 ரூபாய் அதிகம்! இத்தனை விலை கொடுத்து எந்தச் சரக்கையாவது நாம் கொள்முதல் செய்வோமா?

2024 ஜூலையில் விலைகள் சற்று உயர்ந்தபோதும் இந்த ஏணி அமைப்பு மாறவில்லை. உங்கள் ரசீதில் உள்ள அன்றைய விலையைக் கொண்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். கற்க வேண்டியது இதுதான்: மிச்சம் பிடிக்கும் யூனிட் எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. ஏணியின் உச்சியில் குறைக்கும் யூனிட்டுக்கே அதிக மதிப்பு.

யூனிட் என்றால் என்ன?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆகவே வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைக் கண்டு பயப்படுகிறோம். வாரம் ஒரு மணி நேரம் தேய்த்தால் இரண்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட்தான். 75 வாட் மின்விசிறியை யாரும் கவனிப்பதில்லை. அது தினம் 12 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். கல்லாவில் பெரிய நோட்டைப் பத்திரமாக எண்ணி வைத்துவிட்டு, சில்லறை போவதைக் கவனிக்காமல் விடுவது போன்றதே இது.

எங்கள் வீட்டில் கண்ட ஓட்டைகள்

இரவு படுக்கும் முன்பும் காலை எழுந்ததும் மீட்டர் எண்ணைக் குறித்தோம். ஒரு வாரத்தில் விஷயம் விளங்கிவிட்டது.

1. மின்விசிறி. அதிக நேரம் ஓடும் இரண்டு பழைய விசிறிகளை மாற்றி, சுமார் 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. விசிறி போட்டோம். ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறைவு. ஒரு விசிறி ஏறக்குறைய 3,000 ரூபாய். எங்கள் கணக்கில் போட்ட முதல் திரும்ப மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வீட்டில் உள்ள எல்லா விசிறிகளையும் கழற்ற வேண்டாம். எப்போதாவது சுற்றும் விசிறியை மாற்றுவது முடங்கிய முதல்தான். 2023 ஜனவரி முதல் சீலிங் விசிறிக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

2. தண்ணீர் மோட்டார். நம் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆழமானவை. தண்ணீர் மேலே வரக் கரண்ட் செலவாகும். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். வியாபார மும்முரத்தில் மோட்டாரை மறந்து, தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டார் வந்து சொன்ன நாட்கள் உண்டு. தினம் கால் மணி நேரம் வழிந்தாலே இரண்டு மாதத்துக்கு 15 யூனிட் வீண், தண்ணீரும் வீண். தொட்டி நிரம்பியதும் தானே நிற்கும் கருவியைப் பொருத்தினோம்.

3. டியூப் லைட். பழைய சோக் வைத்த டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் அளவுக்கு எடுக்கும். 20 வாட் எல்.இ.டி. டியூப் போதும். தினம் ஐந்து மணி நேரம் எரியும் இரண்டு விளக்கை மாற்றியதில் 18 யூனிட் குறைந்தது.

4. தூங்காத சாதனங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் செட்டாப் பாக்ஸ் அணைவதில்லை. 10 வாட் எடுத்தாலும் பகலிரவாக இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டின்போது நம்மில் பலர் வாங்கிய இன்வெர்ட்டரையும் சோதியுங்கள். பேட்டரி பழையதாகிவிட்டால் சார்ஜ் ஏறுவதற்கே கரண்ட் வீணாகும்.

5. பிரிட்ஜ். கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ரப்பரை மட்டும் மாற்றலாம். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். சூடான குழம்பை ஆறவிட்டு உள்ளே வையுங்கள். கடையில் குளிர்பானப் பெட்டி வைத்திருப்போர் அதன் மேல் மாலை வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வெந்நீர். மார்கழிக் குளிரில் 2,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரத்தில் அரை யூனிட் எடுத்துவிடும். போட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிடக் கூடாது. வீட்டில் ஏ.சி. இருந்தால் 24 டிகிரியில் வைத்து விசிறியையும் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு.

அடுப்பங்கரையும் இதில் சேர்ந்ததே. கொள்ளு, மொச்சை, கொண்டைக்கடலை ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைத்தால் பாதி வேலை முடிந்தது. களிக்கு உலை வைக்கும்போது மூடி போட்டால் சீக்கிரம் கொதிக்கும். குக்கரில் ஆவி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் சில நாட்களாவது கூடுதலாக வரும்.

கிடைத்த பலன்

2024 ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டில் ஓடியது 404 யூனிட். அதே பழைய விலைதான் அப்போதும். கட்டியது 1,149 ரூபாய். முந்தைய கோடையைவிட யூனிட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. கட்டணம் குறைந்ததோ 881 ரூபாய், அதாவது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். கோடையில் வீட்டில் யாரும் வியர்த்துக் கிடக்கவில்லை. பிள்ளைகள் படிக்கும் விளக்கையும் அணைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை

வீட்டுக் கரண்ட் மலிவு என்று கடைப் பிரிட்ஜுக்கு வீட்டிலிருந்து ஒயர் இழுப்பவர்கள் நம்மில் உண்டு. கடை இணைப்புக்கு அந்த 100 யூனிட் இலவசம் இல்லை என்பதால் இந்த ஆசை வருகிறது. ஆனால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இதை அனுமதியற்ற பயன்பாடு என்கிறது. உரிய கட்டணத்தின் இரு மடங்கு வசூலிக்கச் சொல்கிறது. மேலும், கடை பிரிட்ஜ் ஒன்றே வீட்டு மீட்டரை 500-க்கு மேல் தள்ளிவிடக் கூடும். சட்டப்படியும் நஷ்டம், கணக்குப்படியும் நஷ்டம். எடையில் நேர்மையாக இருக்கும் நாம் மீட்டரிலும் நேர்மையாக இருப்போம்.

இந்த மாதப் பயிற்சி

ரீடிங் எடுத்த நாளன்று மீட்டர் எண்ணைச் சிட்டையில் குறியுங்கள். பிறகு வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்வோம், பார்த்து எழுதுங்கள். முப்பதாம் நாள் 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் 500-ஐத் தாண்டும் வழியில் இருக்கிறீர்கள் என்று அறியுங்கள். மீதி முப்பது நாளில் சரிசெய்யலாம். ரசீது வந்தபின் அலுவலகத்தில் சத்தம் போட்டுப் பயனில்லை. அதை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

இருப்பு எடுக்காத கடை நிலைக்காது என்பது நாம் அறிந்ததே. வீட்டு மீட்டருக்கும் மாதம் நான்கு முறை இருப்பு எடுப்போம். இந்தச் சிட்டையை வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதை எழுதுவது எங்கள் கடைசி மகள். எந்த வாரம் எண் எகிறினாலும் அவளுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.