நெட் நின்றாலும் நிற்காத பைத்தான் வகுப்பு

கேள்வி: ஏலகிரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். லேபில் 20 பழைய கம்ப்யூட்டர்கள். 12-ஆம் வகுப்பில் மேட்பிளாட்லிப் வரைபடங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்றி மாளவில்லை. ஜூப்பிட்டர் நோட்புக்கை ஒரே இடத்தில் போட்டு எல்லாப் பிள்ளைகளும் பயன்படுத்த வழி உண்டா? மழைக்காலத்தில் இங்கே நெட்டையும் கரண்டையும் நம்ப முடியாது.

— ஆசிரியை, ஏலகிரி

பதில்: உண்டு. கிளவுடில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டாம் டீச்சர். சர்வரை லேபுக்குள்ளேயே வையுங்கள். 'தி லிட்டிலஸ்ட் ஜூப்பிட்டர்ஹப்' என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. 2018-இல் இதை உருவாக்கியவர் நம் சென்னைக்காரர் யுவி பாண்டா. ஒரே கம்ப்யூட்டரில் சுமார் 100 பேர் வரை தாங்கும். மாணவர் பக்கம் பிரவுசர் இருந்தால் போதும். கணக்குப் போடுவதெல்லாம் சர்வர்தான். கனடாவில் 'கலிஸ்டோ' திட்டம் 5 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஜூப்பிட்டரைத்தான் கொண்டுபோனது.

ஒருவருக்கு 300 எம்பி மெமரி என்று வரம்பு வையுங்கள். 20 பேருக்கு 6 ஜிபி. 8 ஜிபி ராம் உள்ள இயந்திரம் ஒன்று போதும். வரம்பு வைக்காமல் விட்டால், ஒரு பையன் எழுதிய, மெமரியை நிரப்பிக்கொண்டே போகும் முடிவில்லாத லூப் மொத்த வகுப்பையும் உறைய வைத்துவிடும். புதிதாக உபுண்டு சர்வர் போட்ட இயந்திரத்தை, நெட் நன்றாக வரும் நாளில், அல்லது திருப்பத்தூருக்கு எடுத்துப்போய், ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். மேட்பிளாட்லிப்பையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். ஒருமுறை ஏற்றினால் எல்லாருக்கும் கிடைக்கும். அதன்பின் லேபின் சுவிட்சும் கேபிளும் போதும், வெளி நெட் தேவையில்லை.

கரண்ட் விஷயத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். யுபிஎஸ்ஸை சர்வருக்கும் சுவிட்சுக்கும் மட்டும் கொடுங்கள். மாணவியின் கம்ப்யூட்டர் அணைந்தாலும் அவளுடைய புரோகிராம் சர்வரில் உயிரோடு இருக்கும். மறுபடி லாகின் செய்து தொடரலாம். ஆனால் 10 நிமிடம் யாரும் தொடாவிட்டால் சர்வர் அந்த வேலையை மூடிவிடும், அதுவே இயல்பு அமைப்பு. சேமித்த கோப்பு பத்திரமாக இருக்கும், வேரியபிள்கள் போய்விடும். அந்த நேரத்தை ஒரு மணி நேரமாக்கிவிடுங்கள்.

பிள்ளைகளின் பெயர்களை அட்மின் பக்கத்தில் நீங்களே சேர்க்க வேண்டும். முதல் தடவை அடிப்பதுதான் பாஸ்வேர்டு என்பதால், முதல் வகுப்பில் உங்கள் கண்முன் எல்லாரையும் உள்ளே போகச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் பெயரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் போதும், கோப்புகள் அழியாது. பாடக் கோப்புகளுக்கான பொதுக் கோப்புறையை முதல் வகுப்புக்கு முன்பே அமைத்துவிடுங்கள். பிறகு அமைத்தால் ஏற்கெனவே நுழைந்தவர்களுக்குத் தானாகத் தெரியாது.

பயிற்சிக்கு உள்ளூர்க் கணக்கையே எடுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஐரோப்பிய அளவு எண்களைப் பிள்ளைகளின் வீட்டாரே பார்த்திருப்பார்கள். ஓர் அளவு என்பது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 40-ஆம் எண் என்றால் லாஸ்டின் (ஷூ தைக்கும் அச்சின்) நீளம் சுமார் 26.7 செ.மீ. 35 முதல் 45 வரை லூப்பில் கணக்கிட்டுக் கோட்டு வரைபடம் போடட்டும்.

நோட்புக்கில் செல்களை முன்பின்னாக ஓட்டலாம். மேலே ஒரு வேரியபிளின் வரியை அழித்த பிறகும் அதன் பழைய மதிப்பு மெமரியில் தங்கி, தவறான புரோகிராம் சரியான விடை காட்டும். பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். விடையைக் காட்டும் முன் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். பாடநூல் ஐடிலைக் கொண்டே சொல்லித் தருவதால், செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே அதற்கு மாறிவிடுங்கள்.

எல்லாருடைய வேலையும் ஒரே டிஸ்கில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லேபைப் பூட்டுமுன் மாணவர் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதை வேறு அறையில் வையுங்கள்.