செம்பனைத் தோட்டத்துக் கூகையைக் காப்பாற்றுங்கள்

சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கம் 5 ஏக்கர் செம்பனை வைத்திருந்தாலும் சரி, பெரிய எஸ்டேட்டைக் கவனிக்கும் மண்டோராக இருந்தாலும் சரி, எலி கடித்த குலையை நீங்கள் பார்க்காத மாதம் இருக்காது. தீபகற்பத்தில் செம்பனை பரவியபோது கூடவே பரவிய ஆந்தை கூகை. தோட்டத்தில் அதற்கு இரை ஏறக்குறைய எலி மட்டும்தான். குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரம் எலி வரை பிடிக்கும். அந்தக் கூகையையே கொல்கிறது நாம் வாங்கி வைக்கும் எலி மருந்து. கூகையோடு தோட்டத்து மற்ற உயிர்களையும் மண்ணையும் நீரையும் காக்கச் சில வழிகள் இங்கே.

செய்ய வேண்டியவை

• இன்றே ஸ்டோரைத் திறந்து எலி மருந்தின் லேபிளைப் படியுங்கள். ப்ரோடிஃபாகூம், ப்ரோமாடியோலோன் என்று இருந்தால் தோட்டத்தில் வைக்காதீர்கள். இந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்குச் சுலபமாக மாட்டும். விஷம் பறவையின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கிவிடும். வார்ஃபரினை விட்டு இத்தகைய மருந்துக்கு மாறிய ஒரு மலேசியத் தோட்டத்தில், 20 ஜோடி கூகைகள் இருந்த இடத்தில் 30 மாதத்தில் 2 பறவைகளே மிஞ்சின. 1980களில் பதிவான செய்தி இது. இன்னும் பலர் கேள்விப்படவே இல்லை.

• மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் வார்ஃபரின், குளோரோஃபசினோன் போன்ற பழைய வகையைக் கேளுங்கள். இவையும் விஷம்தான், கூகைக்கு ஆபத்து குறைவு.

• முதலில் மரங்களை எண்ணுங்கள், பிறகு மருந்து வாங்குங்கள். 100 மரத்தில் 5க்குக் குறைவாகப் புதுக் கடி இருந்தால் செலவழிக்கத் தேவையில்லை.

• 10 ஹெக்டருக்கு ஒரு கூகைப் பெட்டி வையுங்கள். எலி அதிகமானால் 5 ஹெக்டருக்கு ஒன்று. சுமார் 15 அடிக் கம்பத்தில், மத்தியான வெயில் வாசலில் விழாதபடி நிறுத்துங்கள். நிலம் சிறியதா? பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒன்று போடுங்கள். கூகைக்கு எல்லைக்கல் தெரியாது.

• பெட்டிக்குக் கீழே தரையைப் பாருங்கள். கறுத்த, கட்டைவிரல் பருமனான உருண்டைகள் கிடந்தால் பறவை குடிவந்துவிட்டது. குச்சியால் பிளந்தால் சாம்பல் மயிருக்குள் எலியின் தாடையும் மஞ்சள் படிந்த முன்பல்லும் தெரியும்.

• குஞ்சு பறந்த பிறகு பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள், முகக்கவசம் போட்டு. கழிவு நிறைந்துவிட்டால் முட்டையிட இடம் இருக்காது.

• சடக்கோரம் தூர்னேரா செடி நடுங்கள். மட்டையைச் சல்லடையாக்கும் உலாட் புங்குஸ் புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அந்தச் செடியின் தேன் உணவு.

• வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்குங்கள். மண் ஈரம் காக்கும், மக்கி உரமாகும்.

செய்யக்கூடாதவை

• செத்த எலியைக் கிடந்த இடத்திலேயே விடாதீர்கள். கையுறை போட்டுப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். உடும்பும் நாயும் அதைத் தின்னும். லயத்துக் கோழிகூடக் கொத்திப் பார்க்கும்.

• ஆற்றோரத்தில் புல் மருந்து அடிக்காதீர்கள். மூடா ஆற்றுத் தண்ணீரைக் கெடாவும் குடிக்கிறது, பினாங்கும் குடிக்கிறது. கரையில் புல்லும் மரமும் நின்றால் மண்ணும் மருந்தும் தண்ணீருக்குள் இறங்குவது குறையும்.

• ஸ்டோரில் பராகுவாட் என்ற பழைய புல் மருந்து இருந்தால் தொடாதீர்கள். 2020 ஜனவரி 1 முதல் தடை. குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்தே கிடையாது. அதனால் நம் லயங்கள் இழந்த உயிர்கள் போதும்.

• பூக்கும் மரத்தில் கண்டபடி பூச்சி மருந்து அடிக்காதீர்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டு 1981 முதல் இங்கே செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கிறது. அதற்கு முன் மரம் மரமாகப் பொடி தூவியவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். உலாட் புங்குஸ் கூடினால் புழுவை மட்டும் தாக்கும் பி.டி. (Bt) மருந்தைக் கேளுங்கள்.

• மறுநடவுக்குப் பழைய மரங்களை வெட்டிக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். அடிமரத்தைச் சீவிப் பரப்புங்கள். முழுசாக விட்டால் அதில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றைத் துளைக்கும்.

• காட்டுப்பன்றிக்கென்று கம்பிக் கண்ணி வைக்காதீர்கள். அலங்கும் காட்டுப்பூனையும் அதே கம்பியில் சாகும். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைத் தடைசெய்கிறது.

• பாம்பைக் கண்டதும் கட்டையை எடுக்காதீர்கள். தோட்டத்து நாகம் தின்பதும் எலியைத்தான். வீட்டுக்குள் நுழைந்தால் தள்ளி நின்று 999க்கு அழையுங்கள்.

• ராத்திரி பெட்டிக்குள் சீறல் கேட்டால் கல்லெறியாதீர்கள். ஆந்தை கத்தினால் சாவு வரும் என்று பாட்டி சொல்லியிருப்பார். உள்ளே இருப்பது பசித்த குஞ்சு. தாய்ப்பறவை எலியோடு வரும்வரை அது கத்திக்கொண்டேதான் இருக்கும்.