நாள்தோறும் ஒரு சிறு போகி

மாணவி, மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல்

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயில். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில் பல்லவர் காலக் குடைவரை. பாறையைக் குடைந்து அமைத்த கருவறையாதலால், மூலவரை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வருதல் வேண்டும். கட்டடக் கோயில் கல்லைச் சேர்த்துச் சேர்த்து எழுவது; குடைவரையோ கல்லை நீக்கி நீக்கி உருவாவது. எங்கள் ஊர் முதல் மாமல்லபுரம் வரை உள்ள குடைவரைகள் யாவும் உளியால் சிறிது சிறிதாக நீக்கிப் பெற்ற இடங்களே.

வீட்டைப் பற்றி எழுத வந்தவள் கோயிலைப் பற்றி ஏன் பேசுகிறாள் என்று படிப்போர் எண்ணலாம். புதிதாகக் கட்டித்தான் இடம் பெற வேண்டும் என்பதில்லை. இருப்பதை நீக்கியும் பெறலாம் என்பதை நினைவூட்டவே அதைச் சொன்னேன். வீட்டில் தேவையின்றிச் சேர்ந்த பொருள்களை நாள்தோறும் சிறிது சிறிதாக நீக்குவது ஏன் வேண்டும், எவ்வாறு செய்வது, எதை நீக்கக் கூடாது என்னும் மூன்றையும் என் வீட்டு அனுபவத்தோடு சேர்த்து இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

பொருள் சேரும் விதம்

முன்னாளில் வீட்டுக்குள் வந்த பொருளுக்கு வெளியே போகவும் ஒரு வழி இருந்தது. மண்பானை உடைந்தால் மண்ணோடு மண்ணாகும். முறமும் கோரைப்பாயும் தேய்ந்தால் அடுப்புக்குப் போகும். பழைய வேட்டி குழந்தைக்குத் தூளியாகிப் பின்னர்க் கரித்துணியாகும். பழைய இரும்பையும் ஈயத்தையும் வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் தரும் வணிகர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்.

இன்று வரும் வழி அகன்றுவிட்டது. போகும் வழி அடைபட்டுவிட்டது. திருமணத்துக்குப் போனால் ஒரு தாம்பூலப் பை. புதுமனை புகுவிழாவுக்குப் போனால் ஓர் எவர்சில்வர் டப்பா. ஓட்டலில் பார்சல் வாங்கினால், "கழுவி வைத்தால் உதவும்" என்று நம்மைச் சொல்ல வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. பழைய துணிக்குப் பாத்திரம் தருவோர் வந்தால் ஒரு மூட்டைத் துணி வெளியேறும். அதற்கு ஈடாக ஒரு பாத்திரம் பரணில் ஏறும். 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011 முதல் வழங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் எங்கள் வீட்டில் நன்றாக உழைத்துவிட்டுப் பரணில்தான் ஓய்வெடுத்தன.

இவற்றைச் சேர்த்து வைத்தவர்களைக் குறை கூறுவது எளிது. எங்கள் ஆயா எதையும் எறிய விடமாட்டார். "இருக்கட்டும்டி, ஒரு நாளைக்கு ஒதவும்" என்பார். ஒரு சொம்பு வாங்கப் பல நாள் நடவுக் கூலியை மிச்சம் பிடித்தவர் அவர். இல்லாமையைக் கண்ட கைகள் இருப்பதை இறுகப் பிடிப்பது இயற்கையே. ஆதலின், சேர்த்து வைப்பதைச் சோம்பல் என்று எண்ணி இவ்வேலையைத் தொடங்குபவர் முதல் நாளே வீட்டில் சண்டைதான் வளர்ப்பார்.

இடத்திற்கும் விலை உண்டு

பொருளியல் வகுப்பில் சரக்கிருப்புச் செலவு என்று படிக்கிறோம். கிடங்கில் சும்மா கிடக்கும் சரக்குக்கும் நாள்தோறும் செலவு உண்டு என்பது அதன் பொருள். இதை வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். 400 சதுர அடி வீட்டுக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அடிக்கு மாதம் 15 ரூபாய் ஆகிறது. அவ்வீட்டில் 10 அடிக்கு 8 அடி அறை ஒன்றில் பழைய சாமான்கள் கிடந்தால், அவற்றுக்காக நாம் மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400 ரூபாய் வாடகை கட்டுகிறோம். அச்சாமான்களை எடைக்குப் போட்டால் பல வீடுகளில் ஒரு மாத வாடகைகூடத் தேறாது.

பணக் கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. பொருளுக்கு விலை கொடுப்பது ஒருமுறை. அதைப் பேணுவதோ நாள்தோறும். துடைப்பது, நகர்த்துவது, எலி கடித்ததா கரையான் அரித்ததா என்று பார்ப்பது ஆகிய இவ்வளவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகின்றன. எங்கள் வீட்டில் அம்மா ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வாறு ஊழியம் செய்துகொண்டிருந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கையோ, உட்கார இடமின்றி மாடிப்படியில் அமர்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாமான் அறையில் இருந்த யாவும் பத்திரமாக இருந்தன. படிக்கும் பிள்ளைக்குத்தான் இடமில்லை. இந்த முரண்பாடே என்னை இவ்வேலையில் இறக்கியது.

மழைக்காலம் தரும் பாடம்

வடகிழக்குப் பருவமழை நம் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அப்போது கொல்லைப்புறத்தில் கிடக்கும் பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை, மூடியில்லாத டப்பா ஒவ்வொன்றும் ஒரு சிறு குளமாகிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறு கொள்கலன்களில் தேங்கும் நீரில்தான் பெரிதும் முட்டையிடுகிறது. அது பகலில் கடிக்கும் கொசு. பிறந்த இடத்திலிருந்து அதிகத் தொலைவு பறப்பதுமில்லை. அதாவது, நம்மைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததுதான்.

இக்கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திரத்தின் ஓரத்தில் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரியும். நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் போதும். ஆகவே ஆண்டுக்கொருமுறை செய்யும் பெருந்துப்புரவு இதற்குப் பயன்படாது. வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, வேண்டாத கொள்கலனை அகற்றினால்தான் அச்சுழற்சி அறும்.

முதியோரையும் இங்கே நினைக்க வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, தவறி விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கின்றனர். முதியோரே இதில் மிகுதி. இரவில் எழுந்து நடக்கும் வழியில் கிடக்கும் ஒரு சாக்குமூட்டை சிறு பொருளன்று.

போகியும் புகையும்

பழையன கழிக்கும் நாள் ஒன்றை நம்மவர் முன்பே ஏற்படுத்தியுள்ளனர். மார்கழியின் கடைசி நாளான போகியன்று விடியற்காலையில் எங்கள் பகுதியில் சிறுவர்கள் மேளம் தட்ட, பழைய பாயும் துடைப்பமும் தெருவில் எரியும். ஓலையும் கோரையும் எரிந்த காலத்தில் எஞ்சியது சாம்பல் மட்டுமே. இப்போது அதே தீயில் டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் விழுகின்றன. பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்குகள் எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சு வெளியாகிறது. 2018 ஜனவரி 13 போகியன்று சென்னை விமான நிலையத்தைப் புகைமூட்டம் சூழ்ந்ததால் பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. 2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்தன.

பழையன கழித்தல் என்னும் கருத்தில் குறையில்லை. ஓராண்டுக் குப்பையை ஒரே காலையில் தீர்க்க முயல்வதே சிக்கல். அவசரத்தில் பிரித்துப் பார்க்க நேரமிராது. நேரமில்லாதவருக்குத் தீயே எளிய வழியாகத் தோன்றும். போகியை ஆண்டு முழுவதற்கும் பங்கிட்டுவிட்டால் எரிக்க வேண்டிய தேவையே எழாது.

தொழிற்சாலையிலிருந்து ஒரு பாடம்

எங்கள் ஊரைச் சுற்றி மறைமலை நகர், ஒரகடம், மகேந்திரா வேர்ல்டு சிட்டி எனத் தொழிற்பகுதிகள் வளர்ந்துள்ளன. என் தந்தையார் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். அங்கே ஜப்பானியர் வகுத்த 'ஃபைவ்-எஸ்' முறை கையாளப்படுகிறது. சேய்ரி என்பது வேண்டியது வேண்டாதது எனப் பிரித்தல். சேய்டோன், வேண்டியதை அதற்குரிய இடத்தில் வைத்தல். சேய்சோ, துப்புரவு செய்தல். சேய்கெட்சு, இம்மூன்றையும் ஒரே ஒழுங்காக நிலைப்படுத்துதல். ஷிட்சுகே, அதைப் பழக்கமாக்குதல்.

இதில் பிரித்தல் முதலில் வருவது கருதத்தக்கது. நாம் பெரும்பாலும் துடைப்பத்தில் தொடங்குகிறோம். வேண்டாததையும் துடைத்து மீண்டும் வைக்கிறோம். தொழிற்சாலையில், வேண்டுமா வேண்டாமா என்று ஐயமுள்ள பொருளில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி, நாள் குறித்துத் தனியே வைப்பார்கள். குறித்த காலத்துக்குள் எவரும் கேட்டு வராவிட்டால் அது வெளியேறும்.

அதே ஜப்பானைச் சேர்ந்த மரி கோண்டோ என்பவரின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகெங்கும் பரவியது. ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார் அவர். முழு வீட்டையும் ஒரே முனைப்பில் முடிக்கவும் சொல்கிறார். இரண்டும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை. ரேஷன் கார்டு யாருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. ஆனால் அது வேண்டும். ஒரே முனைப்பில் முடிக்க எங்கள் வீட்டில் ஓய்வுள்ளவர் எவருமில்லை. எனவே தந்தையாரின் சிவப்புச் சீட்டையே எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் கையாண்ட முறை

இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம், அன்றைக்கு ஓர் இடம் மட்டும் என்று வரையறுத்தோம். மற்ற விதிகள் வருமாறு:

1. எடுத்த பொருளை வைப்பது, கொடுப்பது, கழிப்பது என மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஐயமிருந்தால் நாள் குறித்த சீட்டுடன் ஓர் அட்டைப்பெட்டியில் இட வேண்டும். ஆறு மாதம் எவரும் தேடாவிட்டால் அது வெளியேறும்.

2. ஒருவருடைய பொருளை அவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆயாவின் பொருளுக்கு ஆயாவே நீதிபதி.

3. பிரித்தது மீண்டும் பரணேறக் கூடாது. காகிதமும் இரும்பும் அந்த வாரமே பழைய பேப்பர் கடைக்கு. நல்ல துணி தேவைப்படுவோர்க்கு. குழல்விளக்கு, பேட்டரி, காலாவதியான மருந்து ஆகியவை மற்றக் குப்பையோடு கலவாமல் தனியே.

4. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போக வேண்டும்.

5. வெள்ளிக்கிழமை எந்த அறைக்கும் முறையில்லை. அன்று நீர் தேங்கும் இடங்களுக்கு மட்டும்.

முதல் வாரம் மருந்து டப்பாவிலும் அடுப்பங்கரை அலமாரியிலும் கழிந்தது. பெரிய மாற்றம் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாவது மாதத்தில் சாமான் அறையின் தரை தெரிந்தது. ஆயா முதலில் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அத இப்படிக் குடு" என்று தாமே வாங்கிப் பார்க்கலானார். தம் பித்தளைச் சொம்பை வைத்துக்கொண்டார். கைப்பிடி போன நான்கு வாணலிகளைத் தாமே கழித்தார். மூன்றாம் மாத முடிவில் அவ்வறையில் என் தங்கைக்கு ஒரு மேசையும் விளக்கும் போட்டோம்.

நீக்கக் கூடாதவை

அறையின் மூலையில் பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்று இருந்தது. ஒரு நாளைக்குச் சிறிதளவே எடுத்ததால் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. நடுவில், தாத்தா பெயரில் இருந்த நிலத்தின் மூலப்பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம் என்றாலும், மூலம் தொலைந்தால் காவல் நிலையப் புகார், நாளேட்டு அறிவிப்பு என்று அலைய வேண்டியிருக்கும். போகி விடியலின் அவசரத்தில் அக்கட்டு கட்டோடு தீயில் போயிருக்கும்.

இதைவிடப் பெரிய இழப்பைத் தமிழகம் கண்டதுண்டு. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற உ.வே.சாமிநாதையர், அங்கே குவிந்து கிடந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டதை அறிந்து மனம் வருந்தினார். 'என் சரித்திரம்' நூலில் இதை அவரே கூறியுள்ளார். இட்டவர்கள் தீய எண்ணத்தால் செய்யவில்லை. பிரித்துப் பார்க்காமல் செய்தார்கள். எஞ்சிய ஏடுகளைத் தேடித் தேடிக் காத்த அப்பெரியார், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னையை விட்டு நம் திருக்கழுக்குன்றத்துக்கு வந்து தங்கி, அங்கேயே 1942 ஏப்ரல் 28இல் மறைந்தார். ஆகவே பத்திரம், பட்டா, கல்விச் சான்றிதழ், பழைய கடிதம், கையெழுத்துப் பிரதி, நிழற்படம் ஆகியவற்றை இறுதியில், பெரியவர்களை அருகில் வைத்துக்கொண்டு பார்ப்பதே முறை.

முடிவுரை

வீட்டை எளிமையாக்குவது வீட்டை வெறுமையாக்குவது ஆகாது. எது நமக்கு வேண்டும் என்று அறிந்து, அதற்கு உரிய இடம் தருவதே எளிமை. அந்த அறிவு ஒரே நாளில் வாராது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்கும் பொறுமையால் வரும். விடுதி அறையில் இருப்போரும் சிறிய வீட்டில் இருப்போரும் இதற்காகப் பணம் எதுவும் செலவிட வேண்டியதில்லை. இன்றிரவு ஓர் இழுப்பறையில் தொடங்கலாம். கால் மணி நேரம் கழிந்ததும் நிறுத்திவிடலாம். மறுநாள் அடுத்த இழுப்பறை இருக்கிறது.