பழைய டி.வி.யே போதும்: குறைந்த செலவில் ஸ்மார்ட் டி.வி.



"ஸ்மார்ட் டி.வி. வாங்கலாமா?" என்று நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்னைக் கேட்கிறார்கள். நல்ல நிலையில் ஓடும் பெட்டி வீட்டில் இருக்கும்போது புதிதாக வாங்கத் தேவையில்லை என்பதே என் பதில். அதற்கான வழியையும், நம் போன்ற குடும்பங்களுக்கு அது ஏன் முக்கியம் என்பதையும் இங்கே சொல்கிறேன்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே இருந்தன. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிப்பதால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறுவார்கள். தமிழக அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் அது வந்தது. அரசு கேபிளோ தமிழகத்துக்கு உரியது. எல்லை தாண்டி நம் வீட்டுக்கு வராது. ஆனால் அதே பாடங்கள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்துக்கு எல்லைக் கோடு இல்லை. ஆகவே டி.வி.யில் இணையம் வந்தால் தமிழ்ப் பாடமும் வரும்.

முதலில் பெட்டியின் பின்புறம் பாருங்கள்

எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய தட்டையான துளை இருக்கிறதா? தட்டைத் திரை டி.வி.க்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் வேலை எளிது. 'ஸ்டிக்' எனப்படும் விரல் நீளக் கருவி ஒன்று போதும். நான் விசாரித்த அளவில் ஏறக்குறைய 2,500 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருந்தால், அது பழைய முறைப் பெட்டி. மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. இதற்கு ஸ்டிக்கோடு, 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு' மாற்றும் சிறு பெட்டி ஒன்றும் வேண்டும். சில நூறு ரூபாய்தான். கடையில் கேட்கும்போது திசையைத் தெளிவாகச் சொல்லுங்கள், 'ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு' மாற்றும் பெட்டியும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் நமக்கு உதவாது. அதில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பி.ஏ.எல். பக்கம் தள்ளுங்கள். நம் நாட்டு டி.வி.க்கு உரியது அதுவே. மாறியிருந்தால் படம் உருளலாம், அல்லது நிறமின்றித் தெரியலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய குழாய் டி.வி.யில் பொடி எழுத்துகள் மங்கும். பாட்டும் கதையும் பார்க்கலாம். பாடப்புத்தகப் பக்கத்தைப் படிக்க இயலாது. எழுத்துப் பயிற்சிதான் நோக்கமென்றால் தட்டைத் திரை உள்ள வீட்டிலேயே தொடங்குங்கள்.

பொருத்தும் முறை

1. ஸ்டிக்கை டி.வி.யில் செருகுங்கள். மின்சாரத்தை அதனுடன் வந்த அடாப்டரிலிருந்தே கொடுங்கள். டி.வி.யின் யு.எஸ்.பி. துளை பெரும்பாலும் அரை ஆம்பியர் மட்டுமே தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வரை தேவைப்படலாம். மின்சாரம் போதாவிட்டால் நடுவில் அணைந்து அணைந்து எரியும்.

2. ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி எச்.டி.எம்.ஐ.யையோ ஏ.வி.யையோ தேர்ந்தெடுங்கள்.

3. வீட்டு வை-ஃபையில் இணையுங்கள். மோடம் அடுத்த அறையில் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் நல்லது. சுவரைத் தாண்டி வரும். ஒரே அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது.

4. தமிழில் தேட ரிமோட்டோடு போராட வேண்டாம். கைப்பேசியையும் அதே வை-ஃபையில் இணைத்து, யூடியூபில் தமிழில் தட்டச்சு செய்து, மேலே உள்ள 'காஸ்ட்' குறியைத் தொடுங்கள். படம் டி.வி.யில் ஓடும்.

இணையச் செலவு

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். படத்தின் தரத்தை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். 'எச்.டி. ரெடி' என்று விற்ற 32 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் 768 வரிசைகளே உள்ளன. 720 தரம் தாராளம். குழாய் டி.வி.க்கு 480 போதும். 480இல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய அரை ஜி.பி. செலவாகும், 1080இல் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் ஆகலாம். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. திட்டம் வைத்திருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு பெரியது.

மலிவு என்று மயங்க வேண்டாம்

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள், "எல்லாப் படமும் இலவசம்" என்ற விளம்பரத்தோடு விற்கப்படுகின்றன. இவ்வகைப் பெட்டிகள் சிலவற்றில் தீய நிரல்கள் முன்கூட்டியே புகுத்தப்பட்டிருப்பதாகவும், வீட்டு இணையத்தைக் குற்றச் செயல்களுக்கு வழியாக்குவதாகவும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்டிக்கை, ரசீதுடன் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்குப் பயன்படுத்தும் மின்னஞ்சல் முகவரியை அதில் கொடுக்காமல், டி.வி.க்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நலம்.

பொருத்திய பிறகு

கருவி வந்துவிட்டால் தமிழ் தானாக வந்துவிடாது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் 'ஆட்டோபிளே'யை முதலில் நிறுத்துங்கள். இல்லையேல் உயிரெழுத்தில் தொடங்கிய பிள்ளை கால் மணி நேரத்தில் வேறெங்கோ போய்விடும். கல்வித் தொலைக்காட்சியின் தொடக்க வகுப்புப் பாடங்களில் நாளுக்கு ஒன்று பார்க்கட்டும். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலைக் கல்விப் பகுதி உண்டு. அதைக் கைப்பேசியில் திறந்து பெரிய திரையில் காட்டலாம். பாடம் முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, பார்த்த சொற்களில் ஐந்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் திருத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். திரை எழுத்தைக் காட்டும். எழுதிய கையைப் பிடித்துத் திருத்த வீட்டில் ஒருவர் வேண்டும்.

புதிய டி.வி. வாங்காமல் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தமிழ்ப் புத்தகங்களுக்குச் செலவிட்டால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.