எத்தனை டன் என்பது கடைசிக் கேள்வி
கேரவன் ஏசி வேலைக்கு வந்திருக்கும் ஓர் இளைஞருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கரூரில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் பழைய பேருந்தைக் கேரவனாக மாற்றுகிறார்கள், ஏசி வேலை முழுக்க உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். தனியாக நீ எடுக்கும் முதல் வேலை. படித்ததும் மனசு நிறைந்தது. “முப்பதடி வண்டி, எத்தனை டன் போடலாம் அண்ணே?” என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதிலை இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் சொல்வேன். வேலையிலும் அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும்.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை தம்பி. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியூ, ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை அள்ளும் திறன். ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பது போன்ற வேலை இது. ஓட்டையை அடைக்காமல் பெரிய வாளி தேடி அலையாதே.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடி. மத்தியானம் ஒரு மணிக்கு வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போ. உள்கூரையைக் கையால் தடவிக்கொண்டே முன்னிருந்து பின்னுக்கு நட. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கை சுரீரென்று சுடும். அந்த இடத்தில் கூண்டின் இரும்புச் சட்டம் ஓடுகிறது. பலர் சட்டங்களுக்கு நடுவே தெர்மாகோலை அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வெளித்தகட்டின் சூடு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இடைவெளியை ஃபோம் கொண்டு நிரப்பிய பிறகு, சட்டங்களையும் மூடி நைட்ரைல் ரப்பர் ஷீட் ஒட்டு. அதற்கு மேல்தான் பிளைவுட். கூரைக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல். தேவையில்லாத ஜன்னல்களைத் தகடு வைத்து மூடச் சொல். கண்ணாடி வழியே வரும் வெயிலை எந்த ஏசியும் சுலபமாக ஜெயிக்காது. முன்பக்க இன்ஜின் வண்டியென்றால் டிரைவர் முதுகுக்குப் பின்னால் கதவோடு ஒரு தடுப்பு அவசியம். இதையெல்லாம் உள் அலங்காரம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடு. பிளைவுட் ஏறிய பிறகு யாரும் உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

அள்ளிய வெப்பத்தை எங்கே கொட்டப்போகிறாய் என்பது அடுத்தது. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வண்டிக்கு ஸ்ப்ளிட் ஏசி போட்டேன். அவுட்டோர் யூனிட்டைப் பக்கவாட்டு டிக்கிக்குள் வைத்து, கதவில் சின்னதாக ஜாலி வெட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. சித்திரை வெயிலில், தான் துப்பிய அனலையே கண்டன்ஸர் திரும்பத் திரும்ப இழுத்தது. இருபதே நிமிடத்தில் கம்ப்ரஸர் ட்ரிப் ஆகிவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறொரு வழி, இரண்டும் கலக்காதபடி நடுவே ஒரு தடுப்பு என்று வைக்காமல் நான் டிக்கியைத் தொடுவதில்லை.

கூரை ஏசி வேறு வகை. 14 அங்குலச் சதுரத் துளையில் உட்காரும். 13,500 அல்லது 15,000 பிடியூ அளவில் வரும். எல்லாம் ஒரே பெட்டி, கேஸ் கம்பெனியிலேயே அடைத்து வருவதால் நாம் போடும் ஜாயின்ட் எதுவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய நாற்பது கிலோ கனம் கூரையில் ஏறுகிறது. துளையைச் சுற்றிச் சட்டம் கொடுக்க வேண்டும், வண்டியின் உயரமும் கூடும், படுக்கைக்கு மேலேயே சத்தம் கேட்கும். ஸ்ப்ளிட்டில் சத்தம் குறைவு, விலை குறைவு, எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும். ஆனால் அது அசையாத சுவருக்காகச் செய்தது. ஆறு மாதம் ஓடிய வண்டியில் ஃப்ளேர் நட்டின் கழுத்தைப் பார். கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் புழுதி ஒட்டியிருந்தால் அங்கே கேஸ் கசிகிறது. காப்பர் பைப்பை விறைப்பாக இழுத்துக் கட்டாதே. ஒரு சுற்று சுற்றி விடு, ரப்பர் கிளாம்ப் போடு. நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்காமல், வேக்குவம் போடாமல் கேஸைத் திறக்காதே. இன்றைய ஸ்ப்ளிட்டுகளில் பெரும்பாலும் வரும் ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ் என்பதும் நினைவிருக்கட்டும்.

கரண்ட் கணக்கை யூனிட்டில் போடு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் சராசரி 600 வாட் இழுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது 5.1 யூனிட். கணக்கு சரியாக வருவதுபோல் தெரியும். ஆனால் பேட்டரியின் கரண்டை மாறுதிசை மின்சாரமாக மாற்றும்போது பத்து சதவீதத்துக்கு மேல் வீணாகிவிடும். விடியற்காலையில் ஏசி நின்றுவிடும். 150 ஆம்பியர்-அவராவது வை. கூரையில் 400 வாட் பேனல் நான்கு போட்டால் நல்ல வெயில் நாளில் ஆறு யூனிட் வரை கிடைக்கும். பேனலைக் கூரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிப் பொருத்து. கூரைக்கு அதுவே குடை.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படி. 2024 டிசம்பரில், கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, தூங்குபவரை எழுப்பாது. ஒயர் இழுக்கத் தரையில் நாம் போடும் விரல் அகலத் துளை போதும், அது உள்ளே வர. ஒவ்வொரு துளைக்கும் ரப்பர் குரோமெட் போட்டு, சுற்றிலும் சீலன்ட் அடி. ஜெனரேட்டரின் சைலன்சர் குழாயை வாசலுக்கும் ஜன்னலுக்கும் எதிர்ப்பக்கமாக, பாடியைத் தாண்டி வெளியே விடு. கட்டில் அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்து. ஆட்கள் தூங்கும்போது ஜெனரேட்டரோ இன்ஜினோ ஓடக் கூடாது என்று உரிமையாளரிடம் முகத்துக்கு நேரே சொல். பேட்டரிக்குச் செலவு கூடுகிறது என்று அவர் முகம் சுளித்தால், இந்தச் செய்தியைச் சொல்.

வண்டி நிற்பது ரப்பர் டயரில். பாடியில் கசியும் கரண்ட், ஈரத் தரையில் நின்று கைப்பிடியைத் தொடுபவரின் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். எர்த் ஒயரைப் பாடியோடு சேர். கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் லைன் கொடுக்காதே. மாற்றிய வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். அதை வாங்கினார்களா என்றும் கேள்.

இனி டன்னுக்கு வரலாம். இரண்டு டன் ஒன்று வேண்டாம், ஒரு டன் இரண்டு போடு. படுக்கை அறையைக் கதவு வைத்துப் பிரி. பகலில் இரண்டும் ஓடட்டும், இரவில் படுக்கை அறைக்கு ஒன்று போதும். அப்போது நான் சொன்ன பேட்டரிக் கணக்கும் நிற்கும். ஒன்று பழுதானால் நடுவழியில் அந்தக் குடும்பம் வெந்து தவிக்காது.

சாவியைக் கொடுப்பதற்கு முன், ஒரு நாள் உன் அம்மாவையும் தங்கையையும் அந்த வண்டியில் படுக்க வைக்க முடியுமா என்று யோசித்துப் பார். எந்தத் துளை, எந்த ஜாயின்ட், எந்த ஒயர் அப்போது உன் நினைவுக்கு வருகிறதோ, விடிந்ததும் போய் அதைத் திற.

அன்புடன்,
உன் அண்ணன்