ஆறு பாட்டில், ஒரே டிஸ்டிலரி: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, கிளாஸ்கோவில் உங்கள் விஸ்கி கிளப்பின் அடுத்த டேஸ்டிங்கை நீதான் நடத்துகிறாய், அதுவும் முழுக்க ஸ்பிரிங்பேங்க் என்று சொன்னாய். நல்ல தேர்வு. கின்டயர் தீபகற்பத்தின் தெற்கே, கேம்பல்டவுனில், 1828-ல் தொடங்கிய டிஸ்டிலரி அது. பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, ஆட்கள் புரட்டிப் புரட்டி முளைகட்டுவதில் ஆரம்பித்து பாட்டிலில் அடைப்பது வரைக்கும் எல்லா வேலையும் அங்கேயேதான் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒரே இடத்தில் மூன்று விதமான விஸ்கி வடிக்கிறார்கள். ஒவ்வொன்றும் எங்கே பிரிகிறது என்று வந்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி செய்து கொடு, போதும்.

முதலில் அந்த மூன்றையும் நீ தெளிவாகத் தெரிந்துவைத்துக்கொள். ஹேஸல்பர்ன் என்பது பீட் புகை படாத மால்ட். வெறும் சூடான காற்றில் உலர்த்தி, மூன்று முறை வடிப்பது. ஸ்பிரிங்பேங்க்குக்கு மால்ட்டை ஆறு மணி நேரம் பீட் புகையில் காட்டிவிட்டு, மீதி நேரம் சூடான காற்றில் உலர்த்துவார்கள். லாங்ரோவுக்கு 48 மணி நேரம் வரை புகைதான். வடிப்பதும் இரண்டு முறைதான். ஸ்பிரிங்பேங்க் இரண்டரை முறை வடித்தது என்று சொல்வார்கள். 'அது என்ன அரை?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். வடித்ததில் ஒரு பகுதி மூன்று முறை போகிறது, இன்னொரு பகுதி இரண்டே முறை போய் அதோடு சேர்கிறது, அவ்வளவுதான். ஹேஸல்பர்ன் என்பது அதே ஊரில் மூடிப்போன ஒரு பழைய டிஸ்டிலரியின் பெயர். ஜப்பானில் நிக்கா கம்பெனியைத் தொடங்கிய மசாடாகா டாகெட்சுரு 1920-ல் தொழில் பழகியது அந்தப் பழைய ஹேஸல்பர்னில்தான். முதல் கிளாஸ் ஊற்றும்போது இதைச் சொல், எல்லாரும் காது கொடுப்பார்கள்.

இனி வரிசை. இதில்தான் மாலையே நிற்கிறது, விழுவதும் இதில்தான். நிறைய பேர் வயசுப்படி ஊற்றுகிறார்கள்: 10, 12, 15, 18. வேண்டாம். 12 வருட காஸ்க் ஸ்ட்ரெங்த் தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே வருகிறது. பேட்சுக்கு பேட்ச் மாறினாலும் 55 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அது நாக்கை ஒரு அடி அடித்த பிறகு, 46 சதவீதத்தில் நிதானமாகப் பேசுகிற 18 வருடச் சரக்கு எடுபடாது. விலை அதிகமான பாட்டிலை இப்படி வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. என் வரிசை இது: ஹேஸல்பர்ன் 10, ஸ்பிரிங்பேங்க் 10, உடனே ஸ்பிரிங்பேங்க் 18, அப்புறம் ஷெர்ரி பீப்பாய் தூக்கலாக இருக்கிற 15, அதன்பின் 12 காஸ்க் ஸ்ட்ரெங்த், கடைசியில் லாங்ரோ. புகை வந்துவிட்டால் வாயை விட்டுப் போகாது, அதனால் அது எப்போதும் கடைசிதான். நீ கொண்டாடுகிற பாட்டிலைக் கடைசியில் வைக்கவேண்டும் என்கிற ஆசையை விட்டுவிடு. அந்த நேரத்தில் யாருக்கும் நாக்கு தெளிவாக இருக்காது.

ஒரு சின்ன வேலையும் செய். ஹேஸல்பர்ன் கிளாஸை யாரும் காலி பண்ணவேண்டாம், கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடு. லாங்ரோ முடிந்ததும் மறுபடி அதை முகரச் சொல். முதலில் ஒன்றுமில்லாதது போலத் தெரிந்த விஸ்கியில் பழமும் மால்ட்டின் இனிப்பும் எப்படி எழுந்து வருகிறது பார். ஒரே இடத்தில் வடித்ததுதானா என்று திகைப்பார்கள்.

கிளாஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். துலிப் பூ வடிவத்தில் வாய் குறுகின கிளென்கேர்ன் கிளாஸ்தான் சரி. ஒருவருக்கு ஆறு இல்லாவிட்டாலும் மூன்றாவது வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட. அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மர வாடை தங்கும். வெந்நீரில் அலசி, காற்றாட உலர்த்தி, வெறும் கிளாஸை முகர்ந்து பார்த்துவிட்டு ஊற்று. ஊற்றியதும் மேலே ஒரு சின்ன மூடி. பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். அன்றைக்கு யாரும் சென்ட் போட்டு வரக்கூடாது என்று முன்கூட்டியே மெசேஜ் அனுப்பிவிடு, கூச்சப்படாதே.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடாதே. ஆல்கஹால் ஏறினால் மூக்கு மரத்துவிடும். விளிம்புக்கு மேலே நிறுத்தி, வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு இழுக்கச் சொல். முதல் மடக்கு ராவாகத்தான். இரண்டாவதற்குத் தண்ணீர். காஸ்க் ஸ்ட்ரெங்த்துக்கு எவ்வளவு என்று கேட்டால் கணக்கு இதோ: 15 மில்லிக்கு அரை டீஸ்பூன் ஊற்றினாலே 55 சதவீதம் 47-க்கு வந்துவிடும், மற்றவற்றோடு ஒப்பிடத் தோதாக இருக்கும். ஐஸ் வேண்டாம், வாசனையை அடக்கிவிடும். தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்படாதே; இவர்கள் குளிரவைத்து வடிகட்டுவதில்லை, அதனால் அப்படித்தான் ஆகும். செயற்கை நிறமும் சேர்ப்பதில்லை. கிளாஸில் பார்க்கிற நிறம் முழுக்க பீப்பாய் கொடுத்தது.

எல்லாருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடு. அவரவர் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. அனுபவசாலி ஒருவர் 'கடல் உப்பு' என்று சொல்லிவிட்டால் போதும், பத்துப் பேருக்கும் உப்புதான் தெரியும். புதிதாக வந்த பெண் ஈரமண் வாசனை என்று எழுதியிருப்பாள், சொல்லமாட்டாள். முதலில் அவளை வாசிக்கச் சொல்.

வெறும் வயிற்றோடு யாரும் உட்காரக்கூடாது. சாப்பிட்டுவிட்டு வரச் சொல். மேஜையில் உப்புக் குறைந்த ஓட் பிஸ்கட்டும் பிரெட்டும் தண்ணீரும் மட்டும் வை. காரமான சைடு டிஷ் எல்லாம் லாங்ரோ முடிந்த பிறகுதான்.

இப்போது அளவு. ஆறு கிளாஸ், கிளாஸுக்கு 15 மில்லி. கூட்டினால் 90 மில்லி, பிரிட்டன் கணக்கில் சுமார் 4.3 யூனிட். பப்பில் ஊற்றுகிற 25 மில்லியை ஆறு தடவை ஊற்றினால் ஏழு யூனிட் தாண்டிவிடும். வாரம் முழுக்கவே 14-க்கு மேல் கூடாது என்பது அங்கே டாக்டர்கள் சொல்கிற வரம்பு. துப்புவதற்கு ஒரு ஜாடி வை; முதலில் நீயே துப்பிக் காட்டு, மற்றவர்களுக்கும் தயக்கம் போய்விடும். கார் வேண்டவே வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலேயே வரம்பை 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலும் வண்டியை எடுக்க அவசரப்படாதே. இதில் அக்கா ஒரு பேச்சும் கேட்கமாட்டேன்.

பாட்டில்களை நீ ஒருத்தனே வாங்கிச் சுமக்காதே. ஸ்பிரிங்பேங்க் கிடைப்பதே குதிரைக்கொம்பு, ஏலத்தில் விலை எங்கோ போகிறது. உறுப்பினர்களில் ஆளுக்கொன்று பங்கு போட்டு, கடை விலையில் கிடைக்கிறவரை காத்திருங்கள். 18 கிடைக்கவில்லையா, அதை விட்டுவிட்டு ஐந்தோடு நடத்து. ஹேஸல்பர்னும் லாங்ரோவும் மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும்.

பத்துப் பேருக்கு ஊற்றிய பிறகும் 700 மில்லி பாட்டிலில் 550 மிஞ்சும். பாட்டில் குறையக் குறைய உள்ளே காற்று சேர்ந்து வாசனை மங்கும். அன்றைக்கே 50 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி, பெயரும் தேதியும் ஒட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிடு. பதினொன்றாவது குப்பி உனக்கு.